பூத்தது காகிதப்பூ, பிழைத்தது கம்பளிக் கடை

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்ட கம்பளிக் கடைக்காரன் வணங்கி எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சளியைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். அங்கே அக்காவும் பிள்ளைகளும் உங்கள் நர்சரியும் நலமாக இருக்க வேண்டும்.

செடி பூத்துவிட்டது. கடையை விற்கவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நீங்கள் கொடுத்தனுப்பிய காகிதப்பூச் செடி இந்த ஊர்க் குளிரில் ஒரு மொட்டுகூட விடாததைப் பார்த்துவிட்டு, உங்கள் தங்கை என்னிடம், "வர்ற கோடைக்குள்ள இது பூக்கலைன்னா கடையை வித்துட்டு எங்கண்ணன் ஊருக்கே இறங்கிடணும். செடியே வாழாத ஊர்ல எனக்கென்ன வேலை?" என்றாள். நானும் வாய்க்கொழுப்பில் சரி என்றுவிட்டேன். தோளில் மூட்டை சுமந்து தெருத்தெருவாய் ஸ்வெட்டர் விற்று எழுப்பிய கடை மச்சான் அது! குளிர் இருந்தால்தான் எனக்குச் சோறு, குளிர் போனால்தான் அதற்குப் பூ. என்ன செய்வேன்? நல்ல வாடிக்கையாளரைக் கவனிப்பது போலக் கவனித்தேன். தொட்டிக்கு ஸ்வெட்டர் மாட்டினேன், அதுவும் அளவெடுத்து. பக்கத்தில் ஹீட்டர், தினமும் வெதுவெதுப்பாகத் தண்ணீர், வாரம் தவறாமல் உரம். இலை தளதளவென்று வந்தது, பூ வரவில்லை, பிறகு இலையும் மஞ்சளாகி உதிர ஆரம்பிக்க, கடைக்கு வந்த தபால்காரர், "முதலாளி, இதுக்கு மப்ளரும் கட்டணும் போல" என்று சிரிக்கிறார்.

அப்போதுதான் உங்களுக்குப் போன் போட்டேன். நீங்கள் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது: "மாப்ள, எங்கம்மா வந்தப்பகூட நீங்க இவ்வளவு கவனிக்கலையே! குளிர்காலத்துல அது தூங்கும். ஸ்வெட்டரைக் கழட்டுங்க, ஹீட்டரை அணைங்க. வெயில் விழற ஜன்னல்ல வெச்சு, மண்ணு நல்லாக் காஞ்சப்புறம் ஒரு டம்ளர் தண்ணி. மத்தபடி சும்மா இருங்க." சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை மச்சான்! இருந்தேன். கடை முகப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கோட்டு மாட்டிய பொம்மைக்குப் பக்கத்தில் வைத்தேன். செடி வெறும் குச்சியாக நின்றது. அதில் ஒரு அம்மா தொப்பியை மாட்டிப் பார்த்து விலை கேட்டார். பக்கத்து மளிகைக்காரர், கடை எப்படியும் விலைக்கு வரும் என்று, என் அலமாரிகளை அளந்துகொண்டு போனார். பனி முடிந்ததும் சரக்கெடுக்க ஐந்து நாள் வெளியூர் போய்த் திரும்புகிறேன், கண்ணாடி முழுக்கப் பூ! வெள்ளைப் பூ என்று சொல்லிக் கொடுத்தீர்கள், ராணி கலரில் பூத்திருக்கிறது. குளிருக்குச் சாயம் ஏறும் போல. நடுரோட்டில் மூட்டையைப் போட்டுவிட்டு அழுதுட்டேன் மச்சான், பின்னாடி வந்த வண்டிக்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருக்கான். உங்கள் தங்கையோ, "சரி, சொன்ன சொல் சொன்னதுதான். இங்கேயே கிடப்போம்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காபி போடப் போனாள். எனக்கே பாவமாக இருந்தது.

வியாபாரத்தில் நான் யாருக்கும் லேசில் நன்றி சொல்லிப் பழகாதவன். உங்களுக்கு மனசாரச் சொல்கிறேன். நீங்கள் சொன்ன அந்த நாலு வார்த்தையில்தான் என் கடை நிற்கிறது. அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. காலுக்கு சாக்ஸ் தேவைப்படாத சுகத்தோடு நீங்கள் எல்லோரும் நூறு வருஷம் இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் தங்கை இதைப் படித்துவிட்டு, சிரித்துச் சிரித்துப் புரையேறி, உண்மையைக் கக்கிவிட்டாள். என் செடி ஹீட்டர் காலத்திலேயே வேர் அழுகிச் செத்துப்போச்சாம். குளிர்காலம் முழுக்க நான் சும்மா இருந்தது ஒரு விறகுக்காக. பூத்து நிற்பது, அவள் கேட்டு நீங்கள் அனுப்பி, நான் ஊரில் இல்லாத நாளில் உங்கள் நர்சரி லாரியில் வந்து இறங்கியதாம். "அப்போ உனக்கு இங்கேயே இருக்கத்தான் ஆசையா?" என்றேன். "எப்பவோ ஊர் பிடிச்சுப்போச்சு. வாய்விட்டுச் சொன்னதை நானா எப்படி வாபஸ் வாங்கறது?" என்றாள். ஆகவே மேலே சொன்ன நன்றியை அடித்துவிட்டு, அதைவிடப் பெரியதாக ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். இனிமேலுக்கு, உங்கள் சார்பில் உங்கள் தங்கையே என்னிடம் பேசி முடித்த விலை: வருஷம் ஒரு செடி, பூத்த நிலையில், பதிலுக்கு இரட்டைக் கம்பளி ஒன்று, லாரி வாடகை உங்களுடையது.