காருக்குள் காற்று நுழையாமல் செய்த கதை

பழைய காரில் வரும் சத்தங்களில் சிலவற்றைத் திருத்தவே கூடாது. இந்த ஞானம் எனக்கு முன்பே வந்திருந்தால், யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற ஒரு மனிதர், தலவாக்கலை தாண்டிய ஒரு வளைவில், கரைபோட்ட வேட்டியோடு என் காரின் கியர் கம்பிமேல் குந்தியிருக்க நேர்ந்திருக்காது.

அப்போது நான் ஹட்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். (கணித வாத்தியாருக்கு எல்லாம் தெரியும் என்று வேறு யாரும் நினைக்காவிட்டாலும் கணித வாத்தியார் நினைப்பார்.) அதே பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்த சுகந்தியை எனக்குப் பிடித்திருந்தது. அவளுக்கும் என்னைப் பிடித்திருந்தது. ஏன் என்பதற்கு இன்றுவரை அவள் சரியான விளக்கம் தரவில்லை. அவள் யாழ்ப்பாணம். நான் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன், அம்மா ஓய்வுபெறும்வரை கொழுந்து பறித்தவர். இந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை ரயில் டிக்கெட்டைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

அந்தத் தூரத்தைக் குறைக்கத்தான் கார் வாங்கினேன். வயதான ஜப்பான் கார். எஞ்சின் நல்ல பிள்ளை. ஆனால் கொஞ்சம் வேகம் எடுத்தால் போதும், நான்கு கதவு வழியாகவும் காற்று புகுந்து ஊ ஊ என்று ஊளையிடும். முன்சீட்டில் பேசுவது பின்சீட்டுக்குக் கேட்காது. பின்சீட்டில் பேசுவது முன்சீட்டுக்குக் கேட்காது. பக்கத்தில் இருப்பவரோடு பேசுவதற்கே தொண்டை கிழியக் கத்த வேண்டும்.

இந்தக் குறை அம்மாவுக்கு வரமாக அமைந்தது. சொந்தக்காரர்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, அவர்களைப் பற்றியே என்னிடம் கத்திக் கத்திப் புறணி பேசுவார். "மெதுவாப் பேசுங்கம்மா" என்றால், "பின்னால ஒரு மண்ணும் கேக்காதுடா" என்பார். உண்மையில் கேட்கவும் இல்லை. எங்கள் குடும்பத்தில் அந்த வருடம் நிலவிய ஒற்றுமைக்கு அந்தக் காற்றுதான் காரணம் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

சுகந்தியின் அப்பாவும் அம்மாவும் முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஸ்டேஷனிலிருந்து இந்தக் காரில்தான் ஏற்றி வந்தேன். அவர்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு சுகந்தி சொன்னாள், "அப்பாவுக்குக் காது நோகுதாம். உந்தக் காரிலை இனி ஏறமாட்டாராம். அடுத்த முறை வரேக்கை சத்தம் கேட்டால் அப்பிடியே திரும்பிப் போயிடுவன் எண்டு சொல்லுறார்."

அடுத்த முறை என்பது சாதாரண விஷயம் இல்லை. நுவரெலியாப் பக்கம் ஓர் அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்து, வெள்ளைப் பூ வந்தால் அங்கேயே கல்யாணத்துக்கு நாள் குறிப்பது என்று அம்மா ஏற்பாடு செய்திருந்தார். என் கல்யாணமே கதவு ரப்பரில் தொங்கிக்கொண்டிருந்தது!

கராஜில் விட்டிருக்கலாம். விடுவேனா? போனில் வீடியோ பார்த்தேன். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழு, லேசாக வந்தால் அங்கே காற்று புகுகிறது என்றார்கள். பிள்ளைகளின் விடைத்தாள்களை வைத்து இழுத்தேன். எல்லா இடத்திலும் வழுக்கிக்கொண்டு வந்தது. கூரைமேல் இருந்த கேரியரைக் கழற்றினேன். முன்கதவுகளுக்குப் புது ரப்பர் ஒட்டினேன். பின்பக்கக் கண்ணாடிகளைச் சுற்றி சிலிக்கோன் பூசினேன். அவை இனி இறங்காது என்பது தெரியும், மழைக்கால ஹட்டனில் யார் கண்ணாடியை இறக்கப் போகிறார்கள்? பின்கதவு வேலை மட்டும் கடைசி நாள் வரைக்கும் இழுத்துவிட்டது. வடிவாக அடைக்கட்டும் என்று ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ரப்பர் வைத்து, தாராளமாகக் கம் பூசினேன். கம் காயும் என்று நம்பினேன். துவைத்த காற்சட்டையே வாரக்கணக்கில் காயாத ஊரில், கம் காயும் என்று நம்பியவன் பிள்ளைகளுக்குத் தர்க்கம் படிப்பித்தான்.

காலையில் தூறலோடு தூறலாக ஸ்டேஷனுக்குப் போய் அவர்களை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டோம். அம்மா என் பக்கத்தில். பின்னால் சுகந்தியின் அப்பாவும் அம்மாவும், நடுவில் சுகந்தி. பின்கதவு ஒரே தடவையில் சாத்துப்படவில்லை. தோளால் இடித்து, அறைந்து சாத்தினேன்.

கொட்டகலை தாண்டியதும் வேகம் எடுத்தேன். ஆகா! ஊளை இல்லை, விசில் இல்லை. வைப்பர் அசைவது மட்டும்தான் கேட்டது. யாராவது என்னைப் பாராட்டுவார்கள் என்று கண்ணாடியில் பின்னால் பார்த்தேன்.

சுகந்தியின் அப்பா பாராட்டினார். ஆனால் என்னை இல்லை. போன முறை அந்த ஊளைக்குள் பேசிப் பழகிய அதே குரலில் மனைவியிடம் சொன்னார்: "இஞ்சேரும், தோட்டத்து ஆக்கள் எண்டாலும் வீடு துப்புரவாத்தான் வச்சிருக்கினம், என்ன? நான் உப்பிடி எதிர்பார்க்கேல்லை."

"மெல்லமாக் கதையுங்கோ, கேக்கப்போகுது."

"உந்த ஓட்டைக் காருக்குள்ளை ஆருக்குக் கேக்கிறது?"

கேட்டது. ஒவ்வோர் எழுத்தும் கேட்டது. என் காது சுட்டது. மெதுவாக அம்மாவைப் பார்த்தேன். அம்மா திரும்பவில்லை. நேரே ரோட்டைப் பார்த்தபடி, வழக்கமான கார் குரலில் என்னிடம் ஆரம்பித்தார்.

"ஏன்டா, லயத்துல இருக்கவங்க வீட்டுக்குள்ள மாடு கட்டியிருப்பாங்கன்னா இவங்க நெனச்சாங்க?"

இத்தோடு ஒரு மன்னிப்பு வந்திருந்தால் முடிந்திருக்கும். ஆனால் கச்சேரி உத்தியோகத்தர் மன்னிப்புக் கேட்டு யாராவது பார்த்திருக்கிறீர்களா? அவர் மனைவியிடம் சொன்னார்: "நான் நல்லதாத்தானே சொன்னனான். பாராட்டினாலும் குற்றமெண்டால் மனிசன் என்ன செய்யிறது?"

அம்மா என்னிடம்: "பாராட்டுன்னா பாராட்டு மாதிரி இருக்கணும்டா. போன தடவ வடைய மிச்சம் வெக்காமச் சாப்புட்டாரே, அது தோட்டத்து வடைன்னு அப்பத் தெரியலயாமா?"

அவர் மனைவியிடம்: "வடையிலை உப்பே இல்லை. மரியாதைக்குச் சாப்பிட்டனான்."

அம்மா என்னிடம்: "உப்பில்லாத வடை அவ்வளவும் உள்ள போச்சுன்னா, மரியாத ரொம்பப் பெரிய வயித்துல இருக்கும் போல."

கவனியுங்கள், சம்பந்தி ஆகப் போகிறவர்கள் நேருக்கு நேர் சண்டை போடுவது மரியாதை இல்லை. ஆகவே இருவரும் ஒரு வார்த்தைகூட ஒருவருக்கொருவர் பேசவில்லை. அவர் மனைவியோடு சண்டை போட்டார், அம்மா என்னோடு சண்டை போட்டார். நானும் சுகந்தியின் அம்மாவும் ஆளுக்கொரு தபால் பெட்டியாக வாய் மூடி இருந்தோம்.

கடைசியில் அவர் சொன்னார்: "தம்பியை நிப்பாட்டச் சொல்லும். நான் பஸ்ஸிலை ஹட்டனுக்குப் போறன். இந்தச் சம்பந்தம் சரிவராது."

காரை ஓரமாக நிறுத்தினேன். அவர் கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. தோளால் தள்ளினார். நான் இறங்கி வெளியிலிருந்து இழுத்தேன். காயாத கம் கதவையும் காரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது. மற்றக் கதவும் அப்படியே. கண்ணாடியை இறக்க அவர் பிடியைச் சுற்றினார். பிடி கையோடு வந்தது.

"தம்பி! எங்களைப் பூட்டியோ வச்சிருக்கிறீர்?"

"இல்ல அங்கிள், காத்து வராம இருக்கத்தான்..."

"இப்ப மூச்சும் வராமல் செய்துபோட்டீர்!"

மிச்சம் இருந்தது ஒரே வழி. அம்மா இறங்கி, முன்சீட்டைச் சாய்த்து, அவர் அதன் வழியாக ஊர்ந்து வர வேண்டும். அவர் வந்தார். பாதியில் வேட்டி கியர் கம்பியில் மாட்டிக்கொண்டது. ஒரு கால் பின்சீட்டில், ஒரு கால் ஹேண்ட்பிரேக்கில், தலை கூரையில். மேலே மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு எட்டிப்பார்த்தார்கள்.

"என்னக்கா, கலியாணமா?" என்று ஒருத்தி அம்மாவிடம் கேட்டாள்.

"பொண்ணோட அப்பாவ வெளிய எடுத்துட்டுத்தான் சொல்லணும்" என்றார் அம்மா. பிறகு குனிந்து கையை நீட்டினார். அன்றைக்கு அவரைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்: "கையக் குடுங்க சம்பந்தி."

அவர் ஒரு கணம் அந்தக் கையைப் பார்த்தார். வேறு கை எதுவும் இல்லை. "மெல்லமா இழுங்கோ, நாரி பிடிச்சுப்போடும்" என்று ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறு கையைக் கொடுத்தார். சரிவில் கொழுந்துக் கூடை சுமந்த உடம்பு, ஒரே இழுப்பு. வேட்டியில் ஒரு துண்டு கியர் கம்பிக்கு, மிச்சம் சம்பந்திக்கு. காருக்குள்ளிருந்து சுகந்தி சிரித்த சிரிப்பு மலையெல்லாம் கேட்டது. பிறகு அவள் அம்மா சிரித்தார். கூடைக்காரிகள் சிரித்தார்கள். நான் மட்டும் அழுதுவிடுவேன் போல நின்றேன்.

பஸ் வரவில்லை. தூறல் மழையானது. அவர் கிழிந்த வேட்டியைக் கையால் பிடித்துக்கொண்டு ரோட்டையும் காரையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் என்னிடம் வந்தார்.

"தம்பி, உந்த ரப்பர் எல்லாத்தையும் கழட்டும். அந்தச் சத்தம் இல்லாமல் உங்கட அம்மாவோடை ஒரு காரிலை போகேலாது."

"நானும் அதத்தான் சொல்ல வந்தேன்" என்றார் அம்மா.

மழையில் நனைந்தபடி நகத்தாலும் வீட்டுச் சாவியாலும் இடுக்கைக் கிண்டிக் கிண்டிக் கதவுகளைப் பிரித்து, ரப்பரைப் பிய்த்து எறிந்தேன். ஊளை திரும்பி வந்தது. முன்னால் அம்மா வாய் ஓயாமல் கத்தினார், பின்னால் அவர் வாய் ஓயாமல் கத்தினார், யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை, எல்லோரும் சமாதானமாகக் கோயில் போய்ச் சேர்ந்தோம். வெள்ளைப் பூ வந்தது. (சிவப்பு வந்திருந்தாலும் அம்மா வெள்ளை வரும்வரை எடுத்திருப்பார். மழையில் இழுத்து எடுத்த சம்பந்தியை யார் விடுவார்கள்?)

இப்போது எங்களிடம் நல்ல கார் இருக்கிறது. எல்லாக் கண்ணாடியையும் ஓட்டுநர் பக்கத்திலிருந்தே இறக்கலாம், உள்ளே ஊசி விழுந்தாலும் கேட்கும். போன மாதம் நுவரெலியாவுக்குப் போகும்போது அம்மாவும், எனக்கு மாமாவாகிவிட்ட சுகந்தியின் அப்பாவும் பின்சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். வெகுநேரம் இருவரும் உதட்டைக் கடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடியே வந்தார்கள். மாமாவின் முகம் சிவந்துகொண்டு போனது.

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த சுகந்தி கடைசியில் பெருமூச்சு விட்டு, நான்கு கண்ணாடியையும் ஒரேயடியாக இறக்கினாள். காற்று உள்ளே பாய்ந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள்.