கடைத்தெருக் குழாயின் மீதி ஆயுள்

மூன்றடி தோண்டியும் குழாயைக் காணவில்லை.

செஞ்சிக் கடைத்தெருவே குழியைச் சுற்றி நின்றது. ஓவர்சியர் அரங்கநாதன் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்ந்தால் எஞ்சினியரின் முகத்தைப் பார்க்க வேண்டும். அவன் வேலை நிரந்தரமாவது அவர் கையெழுத்தில்தான் இருந்தது.

பழைய குழாய்களுக்கு மதிப்புப் போட்டு அனுப்பும்படி போன மாதம் உத்தரவு வந்திருந்தது. வெயிலுக்குப் பயந்த அரங்கநாதன், நாற்காலியை விட்டு எழாமல், பழைய பதிவேட்டைப் பார்த்தே எழுதினான்: 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில் பதித்த இரும்புக் குழாய். ஆயுள் முப்பது வருடம். இருபத்தெட்டு கழிந்தது. தேய்மானம் போக மதிப்பு அறுநூறு ரூபாய்.'

அதோடு நிறுத்தியிருக்கலாம். 'நேரில் தோண்டிப் பார்த்தேன். துருவேறியிருக்கிறது' என்று ஒரு வரி சேர்த்தான். அந்தத் தெருக்குழாயில் சொட்டுத் தண்ணீர் வந்ததில்லை. துரு அடைக்காமல் வேறென்ன?

காலையில் சரிபார்க்க வந்திறங்கிய எஞ்சினியர், "தோண்டவே வேணாம். பாத்தேன்னு எழுதியிருக்காரே, போதும்" என்றார். அந்த நம்பிக்கைதான் அரங்கநாதனைச் சுட்டது.

ஜவுளிக்கடை பீர் முகமது விடவில்லை. "கண்ணால பாக்காம எப்படி சார் கழிச்சுக் கட்றது? என் கடை வாசல்லயே தோண்டுங்க."

இப்போது அந்த வாசலில்தான் குழி.

"கொஞ்சம் தெக்கால இருக்கும்" என்றான் அரங்கநாதன். தெற்கே தோண்டினார்கள். மண்தான்.

"எதிர்சாரியா இருக்கும்..."

எதிர்சாரியிலும் மண்தான். கடைக்குள் போக பீர் முகமது பலகை போட வேண்டியதாயிற்று.

"இன்னா ஓவர்சியரே, நீ தோண்டுன எடம் உனக்கே தெரியலியா?" என்றார் பீர் முகமது.

"துரு ஏறி கரைஞ்சே பூட்டிருக்கும் பாய்!" என்றாள் குடத்தோடு நின்ற நாகம்மாள். தெருவே சிரித்தது.

எஞ்சினியர் மட்டும் சிரிக்கவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அரங்கநாதனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"மன்னிச்சிடுங்க சார். நான் தோண்டவே இல்ல. பொய் எழுதிட்டேன்."

எஞ்சினியர் அவன் தோளைத் தொட்டார். திட்டவில்லை. "போனா போவுது. குழிய மூடுப்பா" என்றார் தணிந்த குரலில்.

மண்வெட்டியோடு குழிக்குள் நின்ற கிழவன் முருகையன், கண்ணைச் சுருக்கி அவரை அண்ணாந்து பார்த்தான்.

"அட, நம்ம பழைய ஓவர்சியர் அய்யாவா! முப்பத்தாறுலயும் இப்படித்தான... 'குழாய் வரல, போட்டாச்சின்னு எழுதிக்கிறேன், குழிய மூடு'ன்னீங்க!"