ஐம்பது மீட்டர்

பள்ளி வாசலிலிருந்து டேப்பை இழுத்துக்கொண்டே வந்த செந்தமிழ்செல்வன், ஆரோக்கியம்மாளின் தள்ளுவண்டியில் முட்டி நின்றார். வண்டி நிறைய கார்ன் சிப்ஸ் பாக்கெட்டுகள்.

“நாப்பத்தஞ்சுதாம்மா வருது. பள்ளிக்கூடத்துலேர்ந்து அம்பது மீட்டருக்குள்ள இத விக்கக் கூடாது. எண்ணெய், உப்பு ரெண்டும் ஜாஸ்தி.”

“அஞ்சு மீட்டர்தானே சார்? தள்ளிக்கிறேன்.”

தள்ளினாள். அங்கே ஒரு நர்சரிப் பள்ளி முளைத்திருந்தது. அடுத்த தெருவுக்குப் போகலாம் என்றால் சக்கரம் மக்கர் செய்தது. சிதம்பரம் நகரின் உணவுப் பாதுகாப்பு அலுவலரான செந்தமிழ்செல்வன் வேறு வழியின்றி வண்டியில் கை வைத்தார்.

அந்தத் தெருவில் மெட்ரிக் பள்ளி. சரியாக மணியும் அடித்தது.

“அங்கிள், காரம் ரெண்டு பாக்கெட்!”

“நான் விக்கிறவன் இல்லடா! ஆபீசர்!”

“அப்ப ஆபீசர் அங்கிள், ரெண்டு பாக்கெட்!”

விரட்ட விரட்டக் கூட்டம் கூடியது. அதற்குள் கடலூரிலிருந்து மேலதிகாரியின் போன்.

“என்ன செல்வன், காலையில எனக்குப் போன்ல வந்த அந்தச் சிப்ஸ் வண்டிப் புகார் முடிஞ்சுதா? வண்டிய மாத்தி சாயங்காலத்துக்குள்ள போட்டோ அனுப்பலன்னா மெமோதான்.”

செந்தமிழ்செல்வன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பிட வர முடியாது என்று சொல்ல மனைவி பவானியை அழைத்தார். அவளுக்குப் பிரஷர் இருப்பதால் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அன்றிலிருந்து வீட்டுக்குள் ஒரு சிப்ஸ்கூட நுழைய விட்டதில்லை என்பதில் செந்தமிழ்செல்வனுக்குத் தனிப் பெருமை.

“எங்க திரும்பினாலும் ஸ்கூலா இருக்கு பவானி.”

“பாவங்க, அந்தம்மாவும் பொழைக்கணும்ல? நம்ம தெருவுலதான் ஸ்கூலே கெடையாதே.”

என்ன மனசு இவளுக்கு! செந்தமிழ்செல்வன் நெகிழ்ந்துபோனார். வேர்க்க விறுவிறுக்கத் தள்ளிவந்து, தன் வீட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தினார். போட்டோ போனது. “சபாஷ்” என்று பதில் வந்தது. மெமோ பயம் தீர்ந்த நிம்மதியில் பசிகூட இதமாக இருந்தது.

கொல்லைப்புறம் போய்க் கைகால் கழுவிவிட்டுத் துண்டோடு வாசலுக்கு வந்தார். வெளியே ஆரோக்கியம்மாளின் குரல் கேட்டது.

“கடலூருக்குப் போன் போட்டு உன் வண்டி மேல நீயே புகார் சொல்லு, எங்க வீட்டுக்காரரே வண்டியத் தள்ளிக்கிட்டு வருவாருன்னீங்க. அப்ப நான் நம்பலக்கா. இந்தாங்க, உங்க வழக்கமான பாக்கெட்டு. இனிமே நீங்க வெயில்ல அவ்ளோ தூரம் நடக்க வேணாம்!”