கேள்விக்குறி ஒட்டிய பருப்பு டப்பா

திருமங்கலம்,
வியாழக்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான மாப்ள ஜூடுவுக்கு, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட எழுத்தர் ஞானமுத்து, உங்கக்கா பாக்கியமேரி சகிதம் சுகமாக இருந்து எழுதுவது. அவனியாபுரத்தில் நீயும் பிள்ளைகளும் சுகந்தானே?

எம் மகள், உன் மருமகள் டயானாவுக்குக் காலேஜில் கம்ப்யூட்டர் பாடம் நடத்தும் வேலை கிடைத்துவிட்டது! இது இல்லையென்றால் சென்னைக்குப் போய்விடுவாளே என்று எனக்குச் சோறு இறங்காமல் கிடந்தது உனக்குத் தெரியும். அதற்குத் தேர்வுக் குழு முன்னால் ஜாவா என்கிற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டியிருந்தது. கேள்விக்குறி போட்டு எழுதுகிற வைல்ட்கார்டு என்று ஒரு சமாச்சாரம். "அப்பா, ஒங்களுக்கு வெளங்கிட்டா யாருக்கும் வெளங்கிரும், உக்காருங்க" என்று அடுப்படி டப்பா இரண்டை எடுத்து வைத்தாள். ஒன்றில் வெறும் '?' என்று சீட்டு. உள்ளே எது வேண்டுமானாலும் இருக்கலாம், எடுத்தால் 'ஏதோ ஒரு பொருள்' என்றுதான் சொல்ல முடியும்; அது வரம்பில்லாதது. இன்னொன்றில் '? பருப்பு'. உளுந்தோ, பாசியோ, கடலையோ, ஆனால் பருப்புத்தான்; அது வரம்புள்ளது. "பருப்புன்னு நம்பி எடுக்கலாம்ப்பா. ஆனா உள்ள எதையும் போடக்கூடாது. எந்தப் பருப்புன்னு நமக்குத் தெரியாதுல்ல?" அம்புட்டுத்தான் மாப்ள! எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. முப்பது வருசம் ரிஜிஸ்தர் எழுதுன கை, சும்மாவா?

இதிலே உங்கக்கா செய்த கூத்தைக் கேள். மறுநாளே அந்த '? பருப்பு' டப்பாவில் துவரையை ஒரு படி கொட்டிவிட்டாள். உள்ளே இருந்ததோ கடலைப்பருப்பு! கம்ப்யூட்டரில் என்றால் கம்பைலர் என்று, எழுதுவதைச் சரிபார்க்கிற ஒரு கண்டிப்பான ஆசாமி கொட்ட விடாமலே தடுத்திருப்பானாம். நம்ம வீட்டில் யார் தடுப்பது? சாம்பாரில் துவரை கரைய, கடலை பல்லில் கடிபட, உங்கக்கா ஏசின ஏச்சு தெருவுக்கே கேட்டது. டயானா மட்டும் கோபப்படாமல் அந்தக் கலப்பட டப்பாவையே பையில் வைத்துக்கொண்டு தேர்வுக்குப் போனாள். நானும் கூடப்போய் வராந்தாவில் நின்றேன். உள்ளே ஒரு பெரியவர், "போட்டா என்னம்மா ஆகும்?" என்று கேட்டார். டப்பா திறக்கும் சத்தம், அவள் ஏதோ சொன்னாள், ஒரே சிரிப்பு. அன்றைக்கே ஆர்டர்! வெளியே வந்தவள் என்னைப் பார்த்து இன்னொரு தடவை சிரித்தாள். எம் பிள்ளை மாப்ள, எம் பிள்ளை! திருமங்கலம் பஸ் கண்டக்டர்கிட்டக்கூட சொல்லிட்டேன்.

உன் வீட்டைக் கர்த்தர் வரம்பில்லாமல் ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
உன் மச்சான் ஞானமுத்து.

பி.கு.: இதைப் படித்துவிட்டு உங்கக்கா கரண்டியோடு நிற்கிறாள். ஆகவே உண்மையை எழுதுகிறேன்: துவரையைக் கொட்டியது நான்தான். தேர்வுக் குழுவிடம் டயானா சொன்னது இதுவாம்: "எங்கப்பாவுக்கு இது நல்லா வெளங்குச்சு சார். வெளங்குன மறுநாளே அவரே கொட்டிட்டாரு. அதுக்குத்தான் சார் கம்பைலர்."