பிளாமெனைச் சுற்றிய கறுப்புக் கோடு

ருமியானா கல்யாணப் பத்திரிகையைத் திரையில் திறந்ததும் அதைச் சுற்றித் தடித்த கறுப்புக் கோடு ஒன்று வந்து உட்கார்ந்தது. அழித்தாள், போனது. பிரிண்டருக்கு அனுப்பினால் காகிதத்தில் மறுபடியும் கறுப்புக் கோடு.

கம்ப்யூட்டர் வந்தது நேற்றுதான். பழையது கல்யாண சீசன் நடுவில் புகைவிட்டுச் செத்துப்போயிருந்தது. அவள் ஊர் அசெனோவ்கிராதில் தடுக்கி விழுந்தால் மணப்பெண் உடைக் கடை. அங்கே உடை எடுக்க வருபவர்களுக்குப் பத்திரிகை அடித்துக் கொடுத்துத்தான், சமையலறை மேஜையிலேயே அவள் தொழில் நடந்துகொண்டிருந்தது. புதிது வாங்கக் கட்டுப்படியாகாது. பக்கத்து ஊரான ப்ளோவ்திவில் பழைய கம்ப்யூட்டர்களைச் சரிசெய்து விற்கும் வெசெலின்தான் இதைக் காட்டினான். "டிசைன் சாஃப்ட்வேர் எல்லாம் உள்ளயே இருக்கு அக்கா. தனியா வாங்கினா கம்ப்யூட்டரைவிட விலை ஜாஸ்தி." அதில்தான் அவள் விழுந்தாள்.

இப்போது அவனுக்கு போன் போட்டாள்.

"வெசெலின், இது முன்னாடி யார்கிட்ட இருந்துச்சு?"

"ஒரு ஆபீஸ்ல அக்கா."

"என்ன ஆபீஸ்?"

"சவ அடக்கத்துக்கு ஏற்பாடு பண்றவங்க. ஆனா மெஷினைப் பூப்போல வெச்சிருந்தாங்க."

"கல்யாணப் பத்திரிகைக்குக் கறுப்பு பார்டர் போடுதுடா."

"கொண்டாங்க, எல்லாத்தையும் அழிச்சுடலாம். சாஃப்ட்வேரும் சேந்து போயிடும், பரவாயில்லையா?"

"அதைத் தொட்டே, கொன்னுடுவேன்."

"அப்ப டெம்ப்ளேட்னு ஒரு ஃபைல் இருக்கும். அதை மட்டும் தூக்கிடுங்க."

தூக்கினாள். கோடு போகவில்லை, மணப்பெண் போய்விட்டாள். புது அமைப்பில் ஒரு போட்டோவுக்குத்தான் இடமாம். நெவேனா மறைந்து, மாப்பிள்ளை பிளாமென் மட்டும் நடுவில் சிரித்தான். 'மகிழ்ச்சியுடன் அழைக்கிறோம்' என்று தட்டினால் அது தானாகவே 'ஆழ்ந்த துயரத்துடன் அறிவிக்கிறோம்' என்று மாறியது. கீழே, சனிக்கிழமை காலை, மாதா கோவில், உற்றார் உறவினர் அனைவரும் வருக. ஒரு காப்பி கேட்டால் பிரிண்டர் நிறுத்தாமல் கட்டாகத் தள்ளியது.

அந்தக் கட்டைக் குப்பைக்குப் போகட்டும் என்று கதவுக்கு வெளியே வைத்துவிட்டு, கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். வெசெலின் மத்தியானம்வரை நோண்டிச் சரிசெய்தான். பத்திரிகை அழகாக, ஜோடியாக, கோடில்லாமல் வந்தது; அங்கேயே ஒரு கட்டு அடித்து எடுத்துக்கொண்டாள்.

திரும்பி வந்து பஸ்ஸைவிட்டு இறங்கினால், நிறுத்தத்துக் கண்ணாடியில் பிளாமென். மருந்துக்கடைச் சுவரில் பிளாமென். கோவில் கேட்டில் பிளாமென். அவள் குடியிருப்பின் வாசல் கதவில் பிளாமென், அவனுக்குக் கீழே கையில் பசை வாளியோடு கீழ்வீட்டு கிங்கா.

"நன்றியெல்லாம் வேணாம்டி," என்றாள் கிங்கா. "கட்டு அப்படியே கிடந்துச்சு. ஒட்ட ஆள் கிடைக்கலைபோலன்னு நானே ஊர் பூரா ஒட்டிட்டேன். பஸ் ஸ்டாண்டுல டிரைவருங்க கண்ணுல தண்ணி. எல்லாருக்கும் தெரிஞ்ச ஆளாமே."

"அவன் சாகலை அக்கா. அவனுக்கு சனிக்கிழமை கல்யாணம்."

கிங்கா சிலுவை போட்டுக்கொண்டாள். "அப்ப பொண்ணை எங்கடி காணோம்?"

ருமியானா பசை வாளியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். மருந்துக்கடைச் சுவரில் ஒன்றைக் கிழித்ததுமே ஒரு பெரியவர் கைத்தடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "செத்தவன் நோட்டீஸைக் கிழிக்கிறியே, நீ விளங்குவியா?" கிழிக்க முடியாதென்று ஆனதும், சரியான பத்திரிகையை ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒட்டிக்கொண்டே போனாள். அவள் வீடு வந்து சேர்வதற்குள், நெவேனா பிணத்துக்குக் கழுத்தை நீட்டப்போகிறாள் என்று பேச்சாகிவிட்டது.

சாயங்காலம் நெவேனாவும் அவள் அம்மா ஸ்தெஃப்காவும் வந்தார்கள்.

"என் வீட்டு வாசல்ல அவிச்ச கோதுமையோட துக்கம் கேக்க நிக்கிறாங்க," என்றாள் ஸ்தெஃப்கா. "எல்லாக் கையிலயும் பூ, சாவுக்குக் குடுக்கிற மாதிரி ரெட்டைப்படையில. என் மாப்பிள்ளை ஜெர்மனியில ராஜா மாதிரி லாரி ஓட்டிட்டிருக்கார்."

"மெஷின் பண்ணின தப்பு ஆன்ட்டி..."

"மெஷினை யார் வாங்கினது? இனிமே இந்த ஊர்ல எவ உன்கிட்ட பத்திரிகை அடிக்கிறான்னு பாக்கறேன்."

நெவேனா அழுதுகொண்டே போனைத் தட்டிக்கொண்டிருந்தாள். "எடுக்க மாட்டேங்கறார்மா. இது அவர் காதுல விழுந்தா கல்யாணமே வேணாம்னுடுவார்."

ருமியானா கம்ப்யூட்டரை ஜன்னல் வழியாக எறியலாமா என்று பார்த்தாள். ஜன்னல் சிறியது.

"உங்களுக்கு எல்லாம் இலவசம்," என்றாள். "வீடு வீடாப் போய் நானே மன்னிப்புக் கேக்கறேன். வேற என்ன செய்யணும்னு சொல்லுங்க."

அப்போது கிங்கா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். பின்னால் கறுப்புத் துணியால் தலையை மூடிய பெண் ஒருத்தி, அழுது வீங்கிய கண்களோடு, கையில் ஆறு கார்னேஷன் பூ.

"நோட்டீஸ் அடிச்ச வீடு எதுன்னு கேட்டாங்க," என்றாள் கிங்கா. "கடற்கரைப் பக்கம் பூர்காஸ்லேருந்து வர்றாங்களாம். பஸ் டிரைவர் ஒருத்தர் போன்ல சொன்னாராம்."

"இன்னொருத்தியா?" என்று ஸ்தெஃப்கா திரும்பினாள். "யாரும்மா நீ? அவருக்கு ஒண்ணும் ஆகலை, போ."

அந்தப் பெண் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வாசலிலேயே நின்று, பூவை மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டாள்:

"உடம்பை எங்க வெச்சிருக்கீங்க? நான் அவர் பொண்டாட்டி."