ராஜாவின் ரத்தமும் சருகுமான் குட்டியின் காதும்

ஒரு காட்டில், பக்கத்துக் காட்டுக்காரர்கள் வைத்திருக்கிறார்களே என்ற வயிற்றெரிச்சலில், மரபணுப் பரிசோதனை மையம் ஒன்றைத் திறந்தார்கள். பொறுப்பாளர் நரி. வேறு யார், ஆமையா?

திறப்பு விழாவில் நரி மைக்கைப் பிடித்து விளக்கியது. "நம்ம ஒவ்வொருத்தர் உடம்புக்குள்ளயும் ஒரு நீளக் கடுதாசி இருக்கு. காதை எப்படிச் செய்யணும், வாலை எப்படிச் செய்யணும்னு எல்லாம் அதுல எழுதியிருக்கு. ஆனா நடுநடுவுல வேண்டாத வளவளா. உடம்பு அதை வெட்டி எறிஞ்சுட்டு மிச்சத்தை ஒட்டிக்கும். வெட்டுற இடத்துல ஒரே ஒரு எழுத்து மாறிட்டாக்கூட கத்தரி தப்பா விழும், காது கெட்டுப்போகும். அதை நம்ம கணினி முன்கூட்டியே சொல்லிடும்." எல்லாரும் கைதட்டினார்கள். நரியின் பேச்சிலும் வெட்ட வேண்டியது நிறைய இருந்தது.

கூடவே ஒரு சட்டம். காதிலோ மூக்கிலோ கோளாறு உள்ள குட்டிக்குப் புலி வருவது தெரியாதாம். அதனால் அதன் பாதுகாப்புக்காக ஆற்றுக்கு அக்கரையில் ஒரு முகாம். வார்டன், மலைப்பாம்பு. "பிள்ளைகளை அணைச்சுப் பார்த்துக்கிறதுல அவரை அடிச்சுக்க ஆளில்லை" என்றது நரி.

டோக்கன் நம்பர் ஒன்று, செவந்தி என்ற சருகுமான். ஆறு நாள் முன்பு பிறந்த அதன் குட்டி மொட்டு, தாயின் காலுக்கு நடுவில் நின்றது. நரி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கணினிக்குக் கொடுத்தது.

"தொண்ணூத்தி மூணு."

செவந்தி பூரித்துப் போனது. "நூத்துக்கா? என் ராசா, முதல் பரீட்சையிலயேவா!"

"இந்தாம்மா, இது கோளாறு மார்க். குட்டிக்குக் காது கேட்காது. நாளைக்குக் காலைல முகாமுக்கு அனுப்பிடு."

"ஐயோ, இவனுக்கு நல்லாக் கேட்குமே! டேய் மொட்டு!"

"என்னம்மா?" என்றது குட்டி.

"பாருங்க, கேட்குது!"

"கேட்குது, சரி. ஆனா கணினி கேட்காதுங்குதே. நான் என்ன பண்ணட்டும்?"

செவந்தி அழுது பார்த்தது. காலில் விழுந்து பார்த்தது. நரி அசையவே இல்லை. அதற்கப்புறம்தான் செவந்திக்குக் கோபம் வந்தது. "அப்ப எனக்கும் பாருங்க!"

பார்த்தார்கள். தொண்ணூற்று மூன்று. "பரம்பரை வியாதி" என்றது நரி. பின்னால் நின்ற முயலுக்கும் தொண்ணூற்று மூன்று. அதற்குப் பின்னால் நின்ற யானைக்கும் அதே. "இந்தக் காதுக்கா?" என்று யானை இரண்டையும் விசிறிக் காட்டியதில் டோக்கன்கள் எல்லாம் பறந்தன. கடைசியில் நரி தன் ரத்தத்தையே எடுத்துப் பார்த்தது. தொண்ணூற்று மூன்று.

"நரியண்ணே, எதோட ஒப்பிட்டு மாறியிருக்குங்குது உங்க கணினி?" என்று கேட்டது செவந்தி.

"மாதிரிக் கடுதாசியோட. ராஜா ரத்தத்துல இருந்து எடுத்தது. மாதிரிக்குப் பின்னே பெருச்சாளி ரத்தத்தையா வைப்பாங்க?"

இரண்டும் சிங்கத்தின் குகைக்குப் போயின. அந்தச் சிங்கம் நியாயத்துக்குப் பேர் போனது. எந்த மனு வந்தாலும் அரைக்கண் மூடிக் கேட்கும், தலையாட்டும். இதுவரை யாருக்கும் முடியாது என்று சொன்னதில்லை. செவந்தி அதன் முதுகுக்குப் பின்னால் போய் ஒரு காய்ந்த கிளையை மிதித்தது. சடாரென்ற சத்தத்தில் கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன. சிங்கம் திரும்பவில்லை.

"அடப்பாவமே, ராஜாவுக்குக் காது டமாரம்!" என்று நரி கிசுகிசுத்தது.

"அதுக்கு ஏன் மெதுவாச் சொல்றீங்க?" என்றது செவந்தி.

"வெளிய தெரிஞ்சா மையத்தை இழுத்து மூடணும். இப்பத்தானே ரிப்பன் வெட்டினோம்!"

"மூட வேண்டாம்ணே. சட்டத்தைத் திருப்பிடுங்க. தொண்ணூத்தி மூணு வாங்கின எல்லாரும் இங்கேயே இருக்கட்டும். பூஜ்யம் வாங்கினவர் முகாமுக்குப் போகட்டும்."

"பூஜ்யம் ஒருத்தருக்குத்தானே வரும்?"

"ஆமா, மாதிரிக்கு ரத்தம் கொடுத்தவருக்கு."

நரி சிங்கத்தைப் பார்த்தது. குகையைப் பார்த்தது. நல்ல காற்றோட்டமான குகை. தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கக் கேட்டது: "மகாராஜா! பூஜ்யம் மார்க் வாங்கினவரை முகாமுக்கு அனுப்பலாங்களா?"

சிங்கம் அரைக்கண் மூடி, கம்பீரமாகத் தலையாட்டியது.

மறுநாள் மேளதாளத்தோடு அக்கரைக்கு அழைத்துப் போனார்கள். இன்னொரு திறப்பு விழா என்று நினைத்து சிங்கம் வழியெல்லாம் தலையாட்டிக்கொண்டே போனது. வார்டன் வயிறு உப்பி, அன்றிலிருந்து இரண்டு மாதம் மெடிக்கல் லீவு.

மொட்டு பிழைத்தது. நரி ராஜாவானது. ராஜாவுக்குப் பரிசோதனை கிடையாது என்று முதல் ஆணை போட்டது. "உனக்கு என்ன வேணும், கேளு" என்றது செவந்தியிடம்.

"பழைய சட்டமே இருக்கட்டும்ணே. மையத்தை எங்கிட்ட விடுங்க. மாதிரிக்கு என் ரத்தத்தை வச்சுக்கலாம்."

இரண்டு மாதம் கழித்து யானை தன் கன்றைக் கூட்டிக்கொண்டு வந்தது. செவந்தி கணினியைப் பார்த்தது.

"தொண்ணூத்தி ஒன்பது. மூக்குல வெட்டு தப்பு. மூக்கு இவ்வளவு நீளம் வரக் கூடாது."

"அடியே செவந்தி, அன்னிக்கு உன்கூட வரிசையில நின்னவடி நான்!" என்று யானை பதறியது. கன்று வாளித் தண்ணீரை உறிஞ்சி அம்மாவின் முதுகில் பீய்ச்சியது. "பாரு, நல்லாத்தானே வேலை செய்யுது!"

செவந்தி திரையில் தெறித்த தண்ணீரைத் துடைத்தது. "வேலை செய்யுது, சரி. ஆனா கணினி கோளாறுங்குதே. நான் என்ன பண்ணட்டும்? வார்டன் லீவு முடிஞ்சு வந்துட்டார். நாளைக்குக் காலைல அனுப்பிடுங்க."

நீதி: ரத்ததானம் உயிர் காக்கும், கொடுத்தவரின் உயிரை; அவருக்குக் காது கேட்டால்.