கருப்பட்டி போட்ட கார் ஷெட் தரை

அய்யா துணை

ஆரல்வாய்மொழி,
1954, ஆனி மாதக் கடைசி வெள்ளி

திருவனந்தபுரத்தில் ஓவர்சியர் உத்தியோகம் பார்க்கும் என் மச்சினன் சிரஞ்சீவி நாராயணபெருமாளுக்கு, கருப்பட்டி மொத்த வியாபாரம் முத்துநாயகம் மனமார ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நான் சுகம், கடை சுகம், மாடு சுகம். உன் அக்கா செல்லத்தாயும் உன் வீட்டில் சுகமாகத்தான் இருப்பாள். புருஷனோடு கோபித்துக்கொண்டு வந்தவளுக்குத் தம்பி வீட்டுச் சோறு நன்றாகவே இறங்கும்.

நிற்க. என் கார் ஷெட் தரை இறுகிவிட்டது. "அந்தத் தரை இறுகுன அன்னைக்கு ஆள் விடுங்க, வாறேன். அது வரைக்கும் எங்க தம்பி வீட்டுலதான்" என்று அவள் கொத்தனார், சித்தாள் அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். சொன்ன சொல் சொன்னதுதானே? தரை இறுகிவிட்டது, ஆகவே அவளை அனுப்பு. நான் கெஞ்சவில்லை, நியாயம் கேட்கிறேன். நம்பிக்கை இல்லையென்றால் இதையும் கேட்டுக்கொள்: இந்தக் கடிதத்தை அந்தத் தரையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் எழுதுகிறேன். என் கனம் உனக்குத் தெரியும். நாற்காலி ஒரு நூல் அசையவில்லை.

நடந்தது என்ன என்று அவள் ஒரு மாதிரி சொல்லியிருப்பாள், நான் உள்ளபடி சொல்கிறேன். நான் பழைய ஆஸ்டின் காரை வாங்கி நிறுத்தியதும் நீ வந்து ஷெட்டுக்குள் நின்று, "அத்தான், சிமெண்டு ஒரு பங்கு, மணல் ரெண்டு, சல்லி நாலு. தண்ணி கொறச்சு விடணும். அடிமண்ண நல்லா இடிச்சு இறுக்கணும். போட்ட பொறவு நனைஞ்ச வைக்கோலால மூடி, ஈரம் காயாம பாத்துக்கிடணும். வேற ஒரு சாமானும் சேக்கப்பிடாது" என்று பாடம் நடத்திவிட்டுப் போனாய். எல்லாம் செய்தேன். அடிமண்ணை இடித்தேன், சல்லியைக் கழுவினேன், பங்கு தவறாமல் அளந்தேன். கூட ஒன்றே ஒன்று சேர்த்தேன். கருப்பட்டித் தண்ணீர். அதற்கென்ன இப்போது? நம்ம நாட்டில் சுண்ணாம்பில் கருப்பட்டித் தண்ணீர் விடாமல் நின்ற சுவர் எது? பத்மநாபபுரம் அரண்மனைத் தரையில் இன்றைக்கும் முகம் பார்த்துத் தலை சீவலாம், அதைப் போட்டவன் ஓவர்சியர் பரீட்சை எழுதினானா? வெறும் சுண்ணாம்பே கருப்பட்டி குடித்தால் கல்லாகிறது என்றால், சிமெண்டு குடித்தால் இரும்பாக வேண்டாமா? நீயே சொல்லு. ஊருக்கெல்லாம் கருப்பட்டி விற்கிற நான் என் சொந்தத் தரைக்கு ஒரு பெரிய கிடாரம் நிறையக் காய்ச்சி ஊற்றக் கூடாதா? ஊற்றினேன். அதுவும் கடையிலேயே ஒசந்த சரக்கு.

கொத்தனார் யேசுதாசன் சரியென்று மண்டையை ஆட்டினான். உன் அக்காதான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "தரை போடுதியளா, பாயசம் வைக்கியளா? அவன் படிச்சவன்லா, வேற ஒண்ணும் சேக்கப்பிடாதுன்னு சொன்னாம்லா" என்றாள். எனக்கு வந்ததே கோபம்! "அப்பம் நீ அவன் வீட்டுக்கே போயி படிச்சிட்டு வா"ன்னு ஒரு வார்த்தை சொன்னேன். ஒரு வார்த்தைதான் மக்கா. நான் ரெண்டாவது கிடாரம் காய்ச்சிக்கொண்டு வருவதற்குள் பெட்டியோடு கிளம்பி நிற்கிறாள்! போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். ஏன், எனக்குக் கஞ்சி வைக்கத் தெரியாதா? அடிப்பிடித்த கஞ்சியும் கஞ்சிதான்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் சின்ன விஷயம். நனைந்த வைக்கோலை மூடினேன், நம்ம ஊர் ஆனிக்காற்று அதை அள்ளிக்கொண்டுபோய் அடுத்த வீட்டு முத்துக்கனியின் கூரைமேல் போட்டது. திரும்ப மூடினேன், திரும்பப் போட்டது. அப்புறம் எறும்பு வந்தது. வந்தால் என்ன, நல்ல சரக்கு என்று எறும்புக்குத் தெரிகிறது, ஓவர்சியருக்குத் தெரியவில்லை. பிறகு முத்துக்கனியின் ஆடு வந்து நக்கியது. நக்கினதோடு நிற்காமல் நடுவில் போய் நின்று, நாலு காலும் உள்ளே போய், நானும் முத்துக்கனியும் பலகை போட்டு இழுக்கவேண்டியதாயிற்று. "அண்ணாச்சி, உங்க தரைய நக்குனதுல இருந்து எங்க ஆடு புல்லத் திரும்பிப் பாக்கமாட்டேங்கு"ன்னு என்கிட்டயே சண்டைக்கு வாறா! என் இடதுகால் செருப்பும் அதில்தான் கிடக்கிறது. அதெல்லாம் போன வாரம். இப்போது காற்று அடித்து அடித்து மேலெல்லாம் பாறையாக இருக்கிறது. கார் இன்னும் புளியமரத்தடியில் காக்கா எச்சத்தில்தான் நிற்கிறது என்று யாராவது உன்னிடம் சொன்னால், அது நல்ல நேரம் பார்ப்பதற்காக, வேறொன்றுக்கும் இல்லை.

ஆகவே, கருப்பட்டி போட்டது போட்டதுதான். இன்னொரு தரை போட்டாலும் போடுவேன். உன் அக்கா வந்து, பார்த்து, "நீங்க சொன்னதுதான் சரி" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் பெருந்தன்மையாக இருந்துகொள்வேன். உன் வீட்டாருக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். அய்யா உங்களையெல்லாம் நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
யாருக்கும் தலைகுனியாத உன் அத்தான்,
முத்துநாயகம்

பின்குறிப்பு: உறையில் போடுமுன் ஒரு சாட்சியும் இருக்கட்டும் என்று நாற்காலியை எடுத்துவிட்டு, யேசுதாசனையும் ஆட்களையும் வைத்துக் காரை உள்ளே தள்ளச் சொன்னேன். வாசலில் முன்சக்கரம் ஜம்மென்று ஏறியது. நான் கையைத் தட்டினேன். அடுத்த முழத்தில் மேல்தோடு உடைந்து, கார் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. உள்ளே அத்தனையும் களி. செருப்பு மட்டும் கிடைத்தது.

"வாசல் மட்டும் எப்படிவே தாங்குச்சு?" என்று கேட்டேன்.

"அதுவா மொதலாளி? நீங்க ரெண்டாவது கிடாரம் காய்ச்சப் போயிருந்தப்போ, அம்மா பக்கத்துல நின்னு போடச் சொன்னது. ஓவர்சியர் சொன்ன கணக்குல, வெறும் பச்சத்தண்ணியில" என்கிறான் யேசுதாசன்.

"ஏம்வே இத்தன நாளா சொல்லல?"

"நீங்க கேக்கலியே."

நாற்காலி போட்டு நான் எழுதியதும் அந்த இடத்தில்தான். வேறு இடம் கிடைக்கவில்லையா என்று கேட்காதே. அன்றைக்கு அவள் கோபத்தில் சுற்றிப் போகாமல் அதன்மேலேயே மிதித்து இறங்கிப் போனாள். வலது கால், விரல் மிஞ்சி முதற்கொண்டு அப்படியே பதிந்திருக்கிறது. தினமும் சாயங்காலம் அதன் பக்கத்தில்தான் உட்காருகிறேன்.

நீயும் அவளும் அடுத்த பஸ்ஸில் வாருங்கள். களியை வெட்டி எடுத்துவிட்டு, நீ சொல்கிறபடியே முழுத் தரையும் போடலாம். அந்த வாசல் ஓரத்தை மட்டும் யாரும் தொடக்கூடாது. கால் தெருவைப் பார்த்துப் பதிந்திருக்கிறது. பக்கத்திலேயே வீட்டைப் பார்த்து ஒன்று வேண்டும். அதற்கு ஒரு சட்டி கலவை நானே குழைத்து வைக்கிறேன், பச்சைத் தண்ணீரில்தான் என்று அவளிடம் சொல்.